வளைத்தவனை வளைத்தவள்

விசாரணை அறையில், எதிராளியின் காய்களைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் 'கோ' பலகை ஆட்டத்துக்கான சங்கத்தின் தலைவர் சன்னலோரம் அமர்ந்திருந்தார். செயலாளர் அவருக்கு இடப்பக்கம். எதிரே, இறுதி ஆட்டத்தில் ஜெயித்த அக்காவும், தோற்றுப்போய்ப் புகார் கொடுத்த தம்பியும் ஒரே பெஞ்சில்.

"அக்காவா இருந்தாலும் நியாயம் நியாயம்தான் சார். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்காம இவளால என்னை ஜெயிக்கவே முடியாது."

"என் காய்களை அவன் வளைச்சான். வளைச்சவனையே நான் வெளியிலேருந்து வளைச்சேன். அவ்வளவுதான் சார்."

"அதெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தாம்மா தோணும். உங்க பையில போனும் இருந்துச்சு," என்ற தலைவர், அவளுக்கு ஆயுள் தடை விதித்தார்.

வராந்தாவில் அக்கா அழுதாள். "ஏன்டா, நான் சொந்தமா ஆடியிருப்பேன்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"எப்படித் தோணும்? கம்ப்யூட்டரை எந்த மனுஷனாவது ஜெயிப்பானா?" தம்பி குரலைத் தாழ்த்தினான். "நான் அது சொன்ன இடத்துலதானே ஒவ்வொரு காயையும் வெச்சேன்!"

உள்ளே செயலாளர் தடைக் கடிதத்தை உறையிலிட்டு, ஒட்டி, தபாலுக்கு அனுப்பினார்.