யார் காலில் கோளாறு?

"வண்டியில ஒண்ணுமே இல்ல தம்பி. எல்லாம் இவ கால் பண்ற வேலை. நீங்களே இவகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

பழைய ஆட்டோமேட்டிக் கார் ஷெட்டுக்குள் வந்து நின்றதுமே பெரியவர் ஆரம்பித்துவிட்டார். ஓட்டி வந்த அவர் மனைவி இறங்கி நின்றார்.

"என்ன பண்ணுது சார்?" என்று கேட்டான் மெக்கானிக்.

"ரெண்டாவது கியர்லேருந்து மூணாவதுக்குப் போகும்போது தூக்கித் தூக்கிப் போடுது. விக்கல் எடுக்கிற மாதிரி. கியரே மாத்த வேண்டாத வண்டியைக்கூடக் கெடுக்கணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும்!"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. நாலு பேர் முன்னால் பெண்டாட்டியை மட்டம் தட்டுகிறவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. பானெட்டைத் திறந்தான்.

கியர் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டெடுத்து முகர்ந்தான். ஆயில் நல்ல சிவப்பு, கருகல் வாடையே இல்லை. காரைத் தூக்கி அடியில் படுத்துப் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. லேப்டாப்பை இணைத்து கியர் பெட்டியின் வால்வுகளைத் தட்டி எழுப்பினான். எல்லாம் 'டிக் டிக்' என்று ஒழுங்காகப் பதில் சொல்லின.

எத்தனையோ கியர் பெட்டிகளைப் பிரித்து மேய்ந்தவன்தான். ஆனாலும் அவனுக்கு ஆட்டோமேட்டிக் கியர் மீது இருந்த பிரமிப்பு மட்டும் குறையவே இல்லை. எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று ஒருத்தரையும் கேட்காமல் அதுவே முடிவெடுக்கிறது. ஓட்டுகிறவர் பாதம் துளி அசைந்தாலும் அதற்குத் தெரிந்துவிடுகிறது.

"பெட்டி சுத்தமா இருக்கு சார். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. கால் ஆக்சிலரேட்டரை எப்படி மிதிக்குதுன்னு லேப்டாப்புல கோடா விழும்."

"நான் எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பார்க்கணுமே சார்."

முதலில் அந்த அம்மா ஓட்டினார். கார் வெண்ணெய் மாதிரி போனது. கோடும் அலுங்காமல் ஏறி, அலுங்காமல் இறங்கியது.

"ஆள் பார்க்கறாங்கன்னு இன்னிக்கு அடக்கி வாசிக்கறா!" என்று பின் சீட்டிலிருந்து பெரியவர் குரல் வந்தது.

அடுத்து பெரியவர் உட்கார்ந்தார். தெருமுனை தாண்டுவதற்குள் காருக்கு விக்கல் வந்துவிட்டது. மூன்றுக்கு ஏறுவதும், உடனே இரண்டுக்கு இறங்குவதுமாக ஒரே தவிப்பு. மெக்கானிக் மடியிலிருந்த திரையில் கோடு வெடவெடவென்று நடுங்கியது.

"பார்த்தீங்களா? இவ பழக்கிவிட்ட பழக்கம், என்கிட்டயும் அப்படியே பண்ணுது!"

வாங்க சார், ஷெட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு என்று மெக்கானிக் உள்ளுக்குள் கறுவிக்கொண்டான். அந்தக் கோட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினால் மனிதருக்கு மானம் கப்பலேறும்.

திரும்பி வந்ததும் பெரியவர் கை கழுவக் குழாயடிக்குப் போனார். அம்மா அவசரமாகப் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, அந்தக் கோட்டை அவர்கிட்ட காட்டிடாதீங்க."

"ஏம்மா? தப்பு அவர் கால்மேலதான்! உங்களைப் போய் இந்தப் பேச்சு பேசறாரு..."

"தெரியும் தம்பி. கொஞ்ச நாளா அவருக்கு வலது கால் நடுங்குது. சாப்பிடும்போது மேஜைக்கு அடியில பார்த்துட்டேன். டாக்டர்கிட்ட எப்படியாவது கூட்டிட்டுப் போயிடுவேன். ஆனா இனிமே நீங்க ஓட்டாதீங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்? ஒடிஞ்சு போயிடுவார்."

"அதுக்காக விட்டுட முடியுமாம்மா? எங்கேயாவது கொண்டுபோய் மோதிட்டார்னா?"

"அந்தப் பயத்துலதான் எனக்குத் தூக்கமே போச்சு. அதனால, தப்பு என் கால்மேலதான்னு சொல்லிடுங்க. தினமும் நான்தான் ஓட்டிப் பழகணும், அவர் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுக்கணும்னு சொல்லுங்க. வழியெல்லாம் திட்டிக்கிட்டே வரட்டும். உயிரோட வரட்டும்."

இவ்வளவு நேரம் பாவம் என்று நினைத்த பெண்மணியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது மெக்கானிக்குக்கு.

"என்ன தம்பி, தீர்ப்பு என்ன?" கையைத் துடைத்தபடி பெரியவர் வந்தார்.

மெக்கானிக் லேப்டாப்பை மூடினான். "நீங்க சொன்னதுதான் சார் சரி. அம்மா காலுதான். தினமும் அவங்க மட்டுமே ஓட்டினாத்தான் கியர் படியும். நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுங்க."

"கேட்டியா? நான் சொன்னா நீ எங்கே கேட்கறே!" பெரியவர் முகத்தில் அப்படியொரு வெற்றிக் களை.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

மறுபக்கக் கதவுவரை போன பெரியவர், "கண்ணாடியை மறந்துட்டேன்" என்று திரும்பி வந்தார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. மெக்கானிக்கின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கோடு ஆடியிருக்குமே, பார்த்திருப்பீங்க. என் மானத்தைக் காப்பாத்தப் பொய் சொன்னீங்களே, நல்லா இருங்க தம்பி."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார்... உங்களுக்குத் தெரியுமா?"

"என் கால் நடுங்கறது எனக்குத் தெரியாதா? அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க, தாங்க மாட்டா. முன்னெல்லாம் நீ ஓட்டும்மான்னு கெஞ்சினா, நீங்க இருக்கும்போது எனக்கெதுக்குன்னு சாவியை என் கையிலயே திணிப்பா. இப்படித் திட்டித் திட்டி ரோஷத்தைக் கிளப்பினாத்தான், நாளைக்கு நான் இல்லேன்னாலும் யார் தயவும் இல்லாம ஓட்டிக்கிட்டுப் போவா."