நேரான பதில்

“உங்க ஆட்சியில குழாயே கிடையாதே, அதைப் பத்தி ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க?” என்றார் ஆளுங்கட்சிப் பேச்சாளர்.

பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் அதை அப்படியே தட்டச்சு செய்தாள். அவள் அடிக்க அடிக்க, விவாத நிகழ்ச்சியின் அடியில் எழுத்தாக ஓடும். சொன்னதை விடவும் மாட்டாள், சொல்லாததைச் சேர்க்கவும் மாட்டாள் என்று அந்தத் தொலைக்காட்சி அலுவலகத்தில் அவளுக்கு நல்ல பெயர்.

கேள்வி என்னவோ சின்னதுதான். நகரத்தின் கிழக்குப் பக்கம் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்து வருகிறது, எப்போது சரியாகும்? கேட்டுவிட்டு நெறியாளர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“மூணு கட்சி மாறி வந்தவர் தண்ணியைப் பத்திப் பேசலாமா?” என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

“அப்போ குழாயைப் பிடுங்கிப் போடச் சொல்றீங்க. ஜனங்க தாகத்துல தவிக்கணும், அதானே உங்க ஆசை?”

“ஒண்ணு எங்களுக்கு ஓட்டுப் போடணும், இல்லேன்னா சாக்கடையைக் குடிக்கணும். ஜனங்களுக்கு வேற வழி இல்ல” என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

அவளுக்குக் கழுத்து வலித்தது. தினமும் இதே ஆட்கள், இதே பேச்சு. தண்ணீர் என்ற இடத்தில் ரோடு என்று போட்டால் நேற்றைய விவாதம். அவர்கள் வாயைத் திறக்குமுன் அவள் விரல் பாதி வாக்கியம் போயிருக்கும். ஆளுங்கட்சிக்காரருக்கு அலுவலகத்தில் விலாங்கு என்றே பெயர். எந்தக் கேள்வியாலும் அவரைப் பிடிக்க முடியாது.

அவள் வீடும் கிழக்குப் பக்கம்தான். சின்னவள் மஞ்சள் காமாலையில் பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு படுத்திருக்கிறாள். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தும் அந்த நாற்றம் போகவில்லை. எப்போது சரியாகும் என்ற ஒரு பதிலுக்காகத்தான் இன்றைக்கு அவளும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

எதிர்க்கட்சிக்காரர் மேசையைத் தட்டினார். நெறியாளர் குறுக்கே புகுந்தார். குரல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வெறும் இரைச்சலானது. இந்த மாதிரி நேரத்தில் பார்க்கிறவர்களும் காதை நம்ப மாட்டார்கள், கண்ணைக் கீழே இறக்கி எழுத்தைப் படிப்பார்கள்.

அப்போதுதான் ஆளுங்கட்சி என்ற பெயருக்கு நேரே அந்த வரிகள் ஓடின.

“தப்பு எங்களுதுதான். பழைய குழாய் உடைஞ்சு போச்சுன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். மாத்தாம விட்டுட்டோம். இந்த வாரமே வேலையை ஆரம்பிக்கிறோம். அதுவரைக்கும் லாரியில தண்ணி வரும். ஜனங்க மன்னிக்கணும்.”

நெறியாளர் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்கவில்லை. எதிர்க்கட்சிக்காரரும் தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தார். விளம்பர இடைவேளை வந்தது. அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கைப்பேசியில் கணவன் கூப்பிட்டான்.

“அந்த ஆளு ஒத்துக்கிட்டாரே, பாத்தியா? சின்னவ தூங்குறான்னு சத்தத்தைக் குறைச்சு வச்சிருந்தேன். படிச்சதும் என் கண்ணையே நம்ப முடியல.”

“ம்” என்றாள்.

“என்ன ம்? சந்தோஷமா இல்லையா உனக்கு?”

“தூக்கமா வருதுங்க. வந்து பேசுறேன்.”

மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு. தப்பை ஒத்துக்கொண்ட முதல் அரசியல்வாதி என்று செய்தித்தாள்கள் தலையில் தூக்கிவைத்து ஆடின. கட்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்வாங்கலாம் என்றால், அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று யாராவது குடித்துக் காட்ட வேண்டும். அதற்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் தலைவரே விலாங்கின் தோளைத் தட்டிப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே அவள் தெருவைத் தோண்டினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. சின்னவள் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள்.

குழாய் மாற்றி முடித்த அன்று சாயங்காலம் விவாதம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, அவள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு விலாங்கு உள்ளே வந்தார். அந்த அறைக்கு அவர் வந்ததே இல்லை. அவள் பதறி எழுந்தாள்.

“உக்காருங்கம்மா.” கதவைச் சாத்திவிட்டு எதிரே இருந்த நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். முகத்தில் பவுடருக்கு மேலேயும் களைப்பு தெரிந்தது. “ரொம்ப வருஷமா இங்கதான் வேலையா?”

“ஆமா சார்.”

“அப்போ என்னை நல்லாவே தெரிஞ்சிருக்கும்.”

“தினமும் உங்களைத்தானே சார் அடிக்கிறேன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சத்தமில்லாமல் சிரித்தார்.

“என் பொண்ணு என்கிட்ட பேசியே வருஷக்கணக்காச்சு. அன்னைக்கு அவளே போன் பண்ணா. இப்பத்தாம்ப்பா நீங்க மனுஷன் மாதிரி பேசியிருக்கீங்கன்னு சொல்லி அழுதா. நான் எதுவும் சொல்லல, கேட்டுக்கிட்டேன்.”

அவள் தரையைப் பார்த்தாள். வெளியே யாரோ அவர் பெயரைச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். அவர் எழுந்து கதவில் கை வைத்தார். பிறகு திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அந்த நேரத்துல நான் தண்ணி குடிச்சிட்டு இருந்தேம்மா.”