கழிமுகத்துச் சுடர்

கழிமுகத்துச் சேற்றிலிருந்து கிளம்பும் வாயுவை அளக்க வந்த தேன்மொழியை அஞ்சப்பன்தான் படகில் கூட்டிப் போனார். அலையாத்தி மரங்களுக்கு நடுவே குமிழ்கள் கொப்பளித்த ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். வெள்ளத்தில் போன அவர் மகன் முகிலனைக் கடைசியாக ஆட்கள் பார்த்தது அங்கேதான். உடல் கிடைக்கவே இல்லை; கொள்ளி வைக்கவும் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தேன்மொழிக்கு அது தெரியாது. கவிழ்த்த புனலில் குமிழ்களைப் பிடித்து, முனையைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினாள். நீலமாக ஒரு சுடர் எழுந்து அடங்கியது.

"சேத்துக்குள்ள மக்குறதெல்லாம் இப்படித்தாங்க வாயுவா வரும். இலை, மீன், நண்டு..."

"எல்லாமுமா?"

"எல்லாமும்தான். அப்படியே மேல போனா பூமியைச் சூடாக்கும். எரிச்சுட்டா கெடுதல் கொஞ்சம் கம்மி."

அஞ்சப்பன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு தடவை நான் பத்தவைக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

விளையாட்டாக நினைத்துச் சிரித்தபடி தீப்பெட்டியைக் கொடுத்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். புனலில் மறுபடி வாயு சேரும்வரை காத்திருந்தார். குச்சியைக் கிழித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டித் தீயை வைத்தார்.

"இந்தப் பக்கம் பாருங்க, எவ்வளவு அழகா எரியுது," என்றாள் தேன்மொழி.

அவர் பார்க்கவில்லை. கரைப் பக்கமே திரும்பி நின்றபடி கேட்டார்:

"முழுசா எரிஞ்சுதாம்மா?"