தலையணையை விட்டு

"தம்பி, தலையணையை விட்டுத் தலையை மட்டும் தூக்குங்க."

அவன் தூக்கப் பார்த்தான். தாடை நடுங்கியது. தலை இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் இன்னொரு முறை சொல்லவில்லை. ஐந்து வருடமாக இந்த வார்டுக்கு அவள்தான் டாக்டர். ஒரு முறை போதும்.

காலையில் இவன் இரண்டு இட்லி சாப்பிட்டான். அம்மா அதை வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருக்கிறாள்.

பூச்சிமருந்து விஷம் இப்படித்தான். பிழைத்துவிட்டான் என்று எல்லாரையும் நம்பவைக்கும். மூன்றாம் நாள் கழுத்தைப் பிடிக்கும். அடுத்தது மூச்சு.

தசையிடம் ஒன்றைச் சொல்ல நரம்புக்குத் துளி ரசாயனம் போதும். சொல்லி முடித்ததும் அதைத் துடைத்துவிட ஒரு நொதி காத்திருக்கும். அந்த நொதியை விஷம் கட்டிப்போட்டுவிட்டது. மூன்று நாளாகத் துடைக்க ஆளில்லை. ஓயாத கூச்சலில் தசைக்குக் காது அடைத்துவிட்டது.

அவன் இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். கழுத்துக்குத்தான் அது கேட்கவில்லை.

இருக்கிற ஒரே வென்டிலேட்டரில் வேறொருவர். குழாய் போட்டாலும் கையால் பையை அமுக்கித்தான் இவனுக்கு மூச்சு கொடுக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

கால்மாட்டில் அப்பா நின்றிருந்தார்.

மூன்று நாளில் இப்போதுதான் வருகிறார். வேலைவெட்டி இல்லாமல் தின்கிறாயே என்று இவனைப் பருத்திக்கு மருந்தடிக்க விரட்டியவர். முதுகில் மாட்டும் டேங்க் ஒழுகும் என்று தெரிந்தவர். சத்தம் காட்டாமல் வந்து, சத்தம் காட்டாமல் நின்றார்.

படுத்திருப்பவனுக்கு மின்விசிறி தெரியும். கால்மாடு தெரியாது.

தலைமாட்டுக்கு வரச்சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் வாசலைப் பார்த்து நடந்தார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பின்னாலேயே போனாள்.

"ஐயா, பேசணும்னா இப்பவே பேசிருங்க. தொண்டையில குழாய் போடப்போறோம். அப்புறம் உங்க பையனால பேச முடியாது."

"நீங்க சொல்லியும் தலையைத் தூக்கி என்னையப் பாக்கலையே டாக்டரம்மா. கோவம் இருக்கும்ல. ஆறட்டும். சாயந்தரம் பேசிக்கிறேன்."

அது கோபமில்லை, கழுத்து, என்று அவள் சொல்லும்போது அவர் பாதிப் படி இறங்கியிருந்தார். அவரைக் கூட்டிவர நர்ஸை அனுப்பினாள்.

திரும்பி வந்தபோது அவன் மூச்சு மேலோட்டமாக, அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. குரல் மூக்கு வழியாக வந்தது.

"அப்பா வரவே இல்லையா டாக்டர்?"

"வந்தார். இப்பதான். உங்களைப் பாத்துட்டுத்தான் போறார்."

அவன் மின்விசிறியையே பார்த்தான். பிறகு உதடு அசைந்தது.

பொய் சொல்லாதீங்க.

சத்தம் வரவில்லை. அவள் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, குழாயைக் கையில் எடுத்தாள்.