மண்வெட்டி மரியாதை

“இந்த பூட்ஸ் எனக்கு எடுப்பா இருக்கா?”

முழங்கால்வரை ஏறும் ரப்பர் பூட்ஸோடு கூடத்தில் நடை பழகிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். விலைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. அவருடைய துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஜோரா இருக்கு. அப்படியே பின்பக்கம் போய் அந்தச் சாக்கடை அடைப்பை எடுத்துவிட்டுட்டு வாங்களேன்.”

“டூர் கிளம்புறவன்கிட்ட சொல்ற வேலையா அது?”

“அங்கே போயும் சேறுதானே அள்ளப் போறீங்க?”

“உனக்கு ஒண்ணும் தெரியலை. போன வருஷம் போனது, இடத்தைக் கெடுக்காம வர்ற டூர். தண்ணி வீணாகுதுன்னு மூணு நாளும் ஒரே துண்டுதான் கொடுத்தாங்க! இது அதுக்கும் மேலே. போற இடத்தை முன்னைவிட நல்லதாக்கிட்டுத் திரும்பணும். தூர்ந்துபோன குளத்தை நாங்களே வெட்டப் போறோம். எந்த ஊருன்னு வண்டி நிக்கிறவரைக்கும் சொல்ல மாட்டாங்க. அதுக்குத்தான் அவ்வளவு பணம். நல்லவேளை, இந்த டூரைத் தேடிப் பிடிச்சு, பாரம் எல்லாத்தையும் நீயே எழுதிக் கொடுத்தே.”

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால், அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, “ஒரு கை பிடிங்க மாப்பிள்ளை” என்று அவள் அண்ணன் இதே மனிதரிடம் மண்வெட்டியை நீட்டிவிட்டார். “என்னைக் கூலியாள்னு நினைச்சானா?” என்று குதித்தவர்தான். அன்றோடு அந்த வாசலை மிதிக்கவில்லை; அவளையும் மிதிக்க விடவில்லை. அண்ணன் மகளுக்கு இப்போது ஆறு வயது. அத்தையைப் போனில்தான் பார்த்திருக்கிறது குழந்தை.

“உடம்பு நோகும்ங்க. பாதியில கோவிச்சுக்கிட்டுத் திரும்பிட மாட்டீங்களே?”

“திரும்புறதா? கட்டின பணத்தைத் தர மாட்டானாம். கடைசிக் கூடை மண்ணு வரைக்கும் அள்ளிட்டுத்தான் வருவேன்!”

வாசலில் ஹாரன் கேட்டது. வண்டி தெருமுனை திரும்பும்வரை கையசைத்து நின்றவள், உள்ளே வந்ததும் போனை எடுத்தாள்.

“அண்ணே, கிளம்பிட்டார். சாயங்காலம் நம்ம ஊர்க் குளத்தங்கரையில வந்து இறங்குவார். உன்னைப் பார்த்ததும் எகிறுவார். பயப்படாதே. முதல்ல, ‘கட்டின பணம் திரும்பக் கிடைக்காது’ன்னு சொல்லிடு. அப்புறமா, ‘வாங்க மாப்பிள்ளை’ன்னு அந்த மண்வெட்டியைக் கையில கொடு.”