பெயர்ப் பெட்டி

"தம்பி, உன் வைஃபை என்னை மட்டும் உள்ள விட மாட்டேங்குது. ஆள் பாத்துத்தான் விடுமோ?"

மேல்மாடியிலிருந்து தலைமை எழுத்தர் தொலைபேசியில் கேட்டார். நேரில் எல்லோருக்கும் அவர் அக்கா. முதுகுக்குப் பின்னால் பூட்டு. ஸ்டேப்ளர் கிடக்கும் இழுப்பறையைக்கூடப் பூட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

நான் கீழே, நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கும் அறையில். அறை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். பாதி இடம் துடைப்பங்களுக்கு.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. நேற்றுவரை முப்பது பேருக்கும் ஒரே கடவுச்சொல். டீ மெஷினுக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. எதிர்க்கடைக்காரருக்கும் மனப்பாடம்.

இன்று ஒன்பது மணிக்கு அதை ஒழித்தேன். இனி ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். தகவலைப் பூட்டும் குறியாக்கச் சாவியை வைஃபை கருவியே மணிக்கொரு தரம் மாற்றிக்கொள்ளும்.

திங்கட்கிழமையே கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தேன். கடவுச்சொல் பன்னிரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. அதை மறந்துபோய்ப் பெயர்ப் பெட்டியில் அடித்துவிடாதீர்கள். இல்லாத பெயரை அடித்தால் என் திரையில் அப்படியே சிவப்பில் வந்து நிற்கும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நான் படிப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு கிடைத்த இரவு ஷிப்ட் வேலையையும் பாதியில் விட்டவன். இங்கே மூன்று மாதச் சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று எழுதவேண்டியவர் அக்கா. தாள் இரண்டு நாளாக அந்த இழுப்பறையில்தான் கிடக்கிறது.

"இன்னொரு தடவ அடிங்கக்கா."

திரையில் சிவப்பாக ஒரு வரி விழுந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

*இவனும் பாதியில ஓடிருவான்*

பெட்டி மாறி அடித்துவிட்டார். பன்னிரண்டு எழுத்துக்கு மேலேயே இருந்தது. விதியை மதித்திருக்கிறார்.

சுருக்கென்றது. பொய் என்று சண்டைக்குப் போகவும் வழியில்லை. படித்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ளவும் முடியாது.

"அத அழிச்சிட்டேன்க்கா. வேற ஒண்ணு போடுங்க."

"அதுல என்ன குறை?"

"பலமில்ல."

"எனக்கென்னமோ பலமாத்தான் பட்டுது."

ஒற்றை விரலால் அவர் தட்டுவது கேட்டது. மறுபடி சிவப்பு.

*கையெழுத்து போட்டாச்சு*

மறுபடியும் அதே பெட்டி. என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டார் என்பது வரியில் இல்லை. கேட்கலாமா என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் துடைப்பத் தூசிதான் போனது.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?"

"அதுவும் ஏறலக்கா."

"அப்ப கடைசியா ஒண்ணு போட்டுப் பாக்கறேன்."

இந்த முறை நிறைய நேரம் தட்டினார்.

*மேல வா மேசை போட்டிருக்கேன்*

தொலைபேசியை வைத்துவிட்டார்.

எனக்கு மெல்லச் சந்தேகம் வந்தது. பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போனேன்.

காலை ஒன்பது பத்து. பச்சை வரி. அக்காவின் பெயர், பெயர்ப் பெட்டியிலேயே. முப்பது பேரில் முதல் ஆளாக, முதல் முயற்சியிலேயே உள்ளே வந்திருந்தார்.