யாருடைய உபயம்

பௌர்ணமி மாலை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரப் பந்தலில், சாம்பார் சாத அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நிற்கிறார் படத் தயாரிப்பாளர் குலசேகர். படமெடுக்கிறேன் என்று ஊரெல்லாம் பணம் வாங்கி ஏமாற்றியதாக அவர்மீது வழக்கு. விசாரணை நான்கு வருடமாக நகரவில்லை. 'அன்னதானம் உபயம்' என்ற பேனரில் அவர் சிரிக்கிறார், மேற்கு வெயில் அந்தப் பல்வரிசையில் மின்னுகிறது. பணம் போட்டவர்களில் ஒருத்தியான பூக்காரி உண்ணாமலை, தொன்னையை எடுக்காமல் தன் குண்டானை நீட்டுகிறாள். கரண்டி தயங்குகிறது. "நெறைச்சுப் போடு சார்." நிறைகிறது; ஆவி அவள் முகத்தில் ஏறுகிறது. சோறு வாங்கியவர்கள் வாழ்த்துவது வழக்கம். அதைப் படம்பிடிக்கக் கேமராக்காரன் காத்திருக்கிறான். "நல்லா இருங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கம்மா."

"தானம் வாங்கியிருந்தா சொல்லுவேன்பா. இது எங்க காசுல வெந்த சோறு. மிச்சத்த கோர்ட்டுல வாங்கிக்கிறோம்."

இப்போது குலசேகர் பேனரில் மட்டும்தான் சிரிக்கிறார். அவளுக்குப் பின்னால், வரிசையில் நிற்கும் பணம் போட்ட மற்றவர்களின் பைகள் திறக்கின்றன. தூக்குச்சட்டிகள், டிபன் கேரியர்கள், ஒரு பிளாஸ்டிக் வாளி. "நெறைச்சுப் போடு சார்." யாரும் வாழ்த்தவில்லை. கரண்டி அண்டாவின் அடியை உரசுகிறது. நீட்டிய கைகள் இறங்கவில்லை.